பற்று வரவு

நாகப்பட்டினத்தில் ஓர் உரக்கடை மாடி.
எங்கள் கம்பெனிக்கு அது மண்டல அலுவலகம்.
மண்டலம் என்றால் மூன்று மேசை, ஒரு ஏசி,
ஏசி சொட்டுக்கு ஒரு நீல வாளி.
சுவரில் கடல்வேலை, கரைவேலை என்று இரண்டு பலகை.
கடலில் எண்ணெய் மேடைக்கு ஏணியும் பெயின்ட்டும்.
காற்று அடங்காமல் பார்ஜ் பதினாறு நாளாகச் சும்மா நிற்கிறது,
வாடகை நிற்கவில்லை.
அதைக் கட்டவேண்டியது கரை:
கிணற்றடியிலிருந்து சேகரிப்பு நிலையம்வரை
வயலுக்கடியில் ஒன்பது கிலோமீட்டர் குழாய்.

நான் பில் போடுகிறவள்.
பற்றவைத்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண்,
எண்ணுக்கொரு எக்ஸ்ரே பிலிம்.
விளக்குப்பெட்டியில் வைத்தால்
இரும்பு சாம்பலாகத் தெரியும், குறை கறுப்பாக.
பார்க்கவேண்டியவர் இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போட்டாயிற்று.
நான் எண்ணத்தான் எடுத்தேன்.

நானூற்றுப் பதினொன்றின் ஓரத்தில்
கிரைண்டர் வழுக்கிய தடம், நண்டுக்கால் மாதிரி.
நானூற்றுப் பன்னிரண்டிலும் அதே கால்,
அதே மடிப்பு.
ஈய எண்ணை மட்டும் மாற்றிவைத்து
ஒரே இணைப்பை இருமுறை எடுத்திருக்கிறார்கள்.

தேதியைப் பார்த்தேன்.
கடைமடைக்கு நாளை தண்ணீர் என்று
வாட்ஸ்அப்பில் வந்த நாள்.
நானூற்றுப் பன்னிரண்டு வாய்க்காலுக்கு அடியில்.
இரவோடு இரவாக மூடிவிட்டார்கள்.
கரையை ஒட்டி இப்போது தையல்நாயகியின் குறுவை,
நட்டு இருபத்திரண்டு நாள்.

வேதரத்தினம் சார் இரண்டு பிலிமையும்
ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னலுக்குக் காட்டினார்.
"திங்கக்கெழம பில் போகணும்" என்றார்.
"பார்ஜ்காரன் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டான்" என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
வாளி நிறைந்திருந்தது. அவரே எழுந்துபோய்க் கொட்டினார்.
திரும்பிவந்து,
"பொக்லைனுக்குச் சொல்லு."

மணல்மூட்டை அடுக்கி ஒன்றரை நாள் தண்ணீரை நிறுத்தினோம்.
கீழ்மடைக்காரர்கள் வந்து பார்த்து நின்றார்கள்,
திட்டாமல்.
தையல்நாயகி திட்டினாள், வாய் நிறைய.
திட்டிக்கொண்டே,
பொக்லைன் ஏறவேண்டிய தடத்தில் இருந்த பயிரைப் பிடுங்கி
முடிச்சு முடிச்சாக வரப்பில் சாய்த்தாள்.
"போன தடவ குடுத்த காயிதத்துல
மறுதடவைன்னு எழுத எடம் இருக்கா?"
இல்லை. வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.
அவள் குழிக்கணக்கில் சொல்கிறாள், படிவம் சதுர மீட்டரில் கேட்கிறது.
நான் பெருக்கினேன். இரண்டு தசமம்வரை.

குழிக்குள் அமலதாஸ். அவன் பற்றவைத்த இணைப்பு.
பூச்சைச் சுரண்டிவிட்டு, இடுப்புவரை சேறோடு ஏறிவந்தான்.
"என் கை மேல சந்தேகமாக்கா?"
"எக்ஸ்ரே எடுக்கலையேப்பா."
"அதத்தான் கேக்குறேன்."

இரவு பத்தரைக்குப் பிலிம் வந்தது, ஈரம் காயாமல்.
விளக்கைப் போட்டேன்.
ஒரு குமிழ் இல்லை. ஒரு துரும்பு இல்லை.
அலை வழித்துவிட்டுப் போன மணலைப்போல
ஒரே சாம்பல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.
அமலதாஸைக் கூப்பிட்டேன்.
பார்க்க வரவில்லை. "தெரியும்" என்று வைத்துவிட்டான்.

பில் வியாழக்கிழமைதான் போனது.
பொக்லைன், மோட்டார், மூட்டை, மறு எக்ஸ்ரே,
பார்ஜுக்கு இன்னும் மூன்று நாள்,
தையல்நாயகி:
எல்லாம் பற்று.
வரவுப் பக்கத்தில் பேனாவை வைத்து எடுத்தேன்.
ஒரு நீலப் புள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

மூட்டையைப் பிரித்ததை யாரோ வீடியோ போட்டிருந்தார்கள்.
நுரைக்கு முன்னால் கலங்கல், கலங்கலுக்கு முன்னால்
குப்புற மிதந்து கிழக்கே போகிறது
எங்கள் கம்பெனி ஹெல்மெட் ஒன்று, மஞ்சள்.
அதையும் பற்றில் எழுதினேன்.