ஆல்பேட்டையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்

புதுச்சேரி எங்கே முடிகிறது என்று
பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.
கன்னியக்கோயில் தாண்டி
வரிசையாய் எரியும் மதுக்கடை விளக்குகள்
சட்டென்று நின்றுபோகும்.
அவ்வளவுதான் எல்லை.

நடத்துநரோடு வழக்கமான சண்டை:
கிட்டாருக்கு லக்கேஜ் டிக்கெட்.
மடியில் என்றால் குழந்தை,
கீழே வைத்தால் சுமை.
மடியில் வைத்துக்கொண்டேன்.

மாடி உணவகத்து மேலாளர் தேவசகாயம்
பேசியதில் பாதியை எண்ணிக் கொடுத்துவிட்டு
அன்பாகத்தான் சொன்னார்:
"ஜாஸ்னா ஜாஸ் பாடும்மா.
நம்ம ஊர்ப் பாட்டுன்னா நம்ம ஊர்ப் பாட்டு.
ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சா
கஸ்டமர் குழம்புறாங்க."

குழம்பியது நிஜம்.
செவ்வாய்தோறும் குழுக்கடன் வசூலுக்கு வருகிறவன் மேல்
நான் கட்டிய ஒப்பாரி அது.
மாரடித்துக்கொண்டு எழும்.
இரண்டாம் சரணத்தில் அந்துவானின் பேஸ் கிட்டார் நுழைந்து
ரெகே நடையில் இடுப்பைத் தள்ளும்.
தவணை தப்பும் இடத்தில்
கலியமூர்த்தி தாளத்தில் ஒரு தட்டைத் தப்பவிடுவார்,
வேண்டுமென்றே.
கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து
பூசையில் பாடுவதுபோல் நீளமாய் ஒரு ஆமென்,
வட்டி விகிதத்துக்கு.
மூன்றாம் மேசைப் பெண்
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
அழுவதா ஆடுவதா, அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கு அது போதும்.

தென்பெண்ணைப் பாலம் தாண்டியதும் வண்டி நின்றது.
டார்ச் வெளிச்சம் இருக்கை இருக்கையாய் வந்து
என் மடியில் நின்றது.
"என்ன இதுல?"
"கிட்டார் சார்."
"தெறங்க. பாட்டில் இருக்கா?"

திறந்தேன்.
கம்பிகளுக்குக் கீழே, அந்த வட்டத் துளைக்குள்
வெளிச்சத்தைக் குத்தி எட்டிப் பார்த்தார்.
"போன மாசம் ஒருத்தன் டோலக்குக்குள்ள
நாலு குவார்ட்டர் வெச்சிருந்தான்" என்றார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
தோள்பட்டை வார், கேப்போ, விக்ஸ் டப்பா,
மாற்றுக் கம்பி ஒன்று,
பாதி எழுதிய தாள்.
தாளை மட்டும் விளக்கில் காட்டி வாய்க்குள் படித்தார்.
முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.
மடித்து வைத்தார், முன்பிருந்த மடிப்பிலேயே.
பிறகு கீழே நின்றவரைப் பார்த்துக் கத்தினார்:
"பாட்டில் ஒண்ணும் இல்ல சார்!
போகலாம்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
வேறெதற்கோ இருக்கும்.

முதுநகரில் ஐஸ் ஃபேக்டரிக்கு மேலே என் அறை.
கம்ப்ரசர் இரவெல்லாம் ஒரே சுருதி பிடிக்கும்,
பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே
கட்டையே இல்லாத இடத்தில்.
முதலில் ஜன்னலைப் போர்வையால் அடைத்துப் பார்த்தேன்.
பிறகு கிட்டாரை அதற்கு ஏற்றிக்கொண்டேன்.
என் பாட்டுகள் எல்லாமே
அந்த ஒரு நூல் விலகலில்தான் இருக்கின்றன.
மின்சாரம் போனால் எனக்கும் தொண்டை போய்விடும்.

இன்றைக்குள் பதிவேற்ற வேண்டும்.
படிவம் பெயர் கேட்டது. அஞ்சலாட்சி.
மொழி கேட்டது.
நீளம் கேட்டது. நான்கு நிமிடம், பதினொரு விநாடி.
வகை கேட்டது.
ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாமாம்.
விரலால் உருட்ட உருட்ட
நாற்பது பெயர்கள்,
ஒவ்வொன்றின் கையிலும் ஒரு டார்ச்.

அவர் அந்தத் தாளை எவ்வளவு நேரம் வைத்திருந்தார்?
பாட்டில் தேடுகிறவருக்கு
அவ்வளவு நேரம் தேவையில்லை.

மூன்றரை மணி. கீழே மீன் லாரி.
பார் ஐஸை உடைக்கும் சத்தம்:
இரண்டு அடி, ஒரு வெற்றிடம், மூன்று அடி.
மறுபடி இரண்டு அடி, வெற்றிடம்.
போனில் பிடித்துக் கலியமூர்த்திக்கு அனுப்புகிறேன்.
தூங்கவில்லைபோல அவரும்.
"இது என்ன நடை?" என்று பதில் வருகிறது.

பார்த்துச் சொல்ல ஜன்னலுக்குப் போகிறேன்.
உடைக்கிற ஆளுக்கு வலது கையில் கட்டு.
மூன்றாவது அடிக்கு முன்
சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார்.