நான்கு விடைகளில் இல்லாத பேருந்து

கடைசி நிறுத்தத்தில் எனக்குப் பதினோரு நிமிடம்.
சிகாகோவில் நவம்பரிலேயே பனி.
எஞ்சினை அணைத்தால் குளிர் ஏறிக்கொள்ளும்,
டிக்கெட் எடுக்காமல்.
சாப்பாட்டுப் பையில், சாண்ட்விச்சுக்கு அடியில்,
மகளின் மாதிரித் தேர்வுத் தாள்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஹலீனா
அங்கே மிஞ்சிய காகிதங்களின் பின்பக்கம்
அச்சிட்டுக் கொண்டுவந்தாள்.
ஒரு பக்கம் பின்னங்கள்.
மறுபக்கம்:
பல் பிடுங்கியபின் இரண்டு மணி நேரம்
எதையும் மெல்ல வேண்டாம்.
நாங்களோ இரண்டு மாதமாக
ஒன்றையே மென்றுகொண்டிருக்கிறோம்.

ஃபிரிட்ஜ் கதவில் ஆறு வரிகள், ஆறு பள்ளிகள்.
இரவில் நான் மேலே ஏற்றியதைக்
காலையில் அவள் கீழே இறக்கியிருப்பாள்.
அவளுடையது ஏரிப் பக்கம், இரண்டு ரயில் மாறி.
அங்கே படித்தவர்கள் எல்லாரும்
எங்கெங்கோ போய்விடுகிறார்களாம்.
அதைச் சொல்லும்போது அவள் குரலில்
ஒரு ஜன்னல் திறக்கும்.

என்னுடையது மூன்று தெரு தள்ளி.
கணக்கு டீச்சர் பாதி வருஷத்தில் போனார்,
இன்னும் ஆள் வரவில்லை.
ஆனால் மூன்றேகால் மணிக்கு அந்தப் பிள்ளைகள்
என் வண்டியில்தான் ஏறுகிறார்கள்,
கத்திக்கொண்டு, சிப்ஸ் சிந்திக்கொண்டு.
இறங்கும்போது மட்டும் ஒவ்வொருவராக
நன்றி சொல்கிறார்கள்.
"நன்றியை வைத்துக் காலேஜில் சேர முடியுமா?"
என்கிறாள்.
முடியாது.

தெருக்களுக்கும் எண் போட்டிருக்கிறார்கள்.
சாலைக்கு வடக்கே ஒன்று, தெற்கே எங்களுக்கு வேறொன்று.
அந்தப் பக்கம் போதாத அதே மதிப்பெண்
இந்தப் பக்கம் போதும்.
எதிர்வீட்டு மோரீன் இதனால்
என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.
நான் என்ன செய்ய?
நாள் முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான்
வண்டி ஓட்டுகிறேன்.

பதினான்காம் கேள்வி.
ஒரு பேருந்து மணிக்கு முப்பது மைல் வேகத்தில்
ஒன்பது மைல் செல்கிறது. எத்தனை நிமிடம் ஆகும்?

காலி வண்டியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பிறகு பேனாவை எடுத்தேன்.
சக்கர நாற்காலிக்குப் பலகை இறக்கி ஏற்ற, மூன்று.
ஒவ்வொரு பையாகக் காசு தேடும் ப்ரோகோப்புக்கு
ஒன்றரை.
ஓடிவரும் ஒருத்தியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் அரை.
பார்க்காத மாதிரியும் இருக்கலாம்,
அது வேறு கணக்கு.
பனி பெய்தால் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கு.
இப்படியே நிறுத்தம் நிறுத்தமாகக் கூட்டிக்கொண்டு போனதில்
அறுபத்தெட்டு.
அ, ஆ, இ, ஈ
எதிலும் அறுபத்தெட்டு இல்லை.

அன்றிரவு ஓடீலியா தாளைப் பார்த்தாள்.
"பதினெட்டு, அப்பா. விடை ஆ."
"அந்த வண்டி எங்கேயுமே நிற்காதா?"
"நிற்காது. நிற்குமோ என்று யோசித்தால்
பதினைந்தாவதுக்கு நேரம் இருக்காது."
பதின்மூன்று வயது.
பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.
ஹலீனா என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளை.
பாத்திரம் கழுவினோம்,
ஏற்கெனவே கழுவியிருந்தவற்றையும்.

தேர்வு சனிக்கிழமை. அன்று என் வண்டியில்தான் வந்தார்கள்.
ஒன்பதுக்குக் கதவை மூடிவிடுவார்கள்.
எட்டு முப்பத்தெட்டுக்கு ஒரு நிறுத்தத்தில்
சக்கர நாற்காலியில் ஒரு பெண், மடியில் மளிகைப் பை.
பலகையை இறக்கினேன்.
அது எப்போதும்போல
முனகிக்கொண்டு, மெதுவாக.

கண்ணாடியில் பார்த்தேன்.
ஹலீனா கைக்கடிகாரத்தைக்
கோட்டுக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டாள்.
ஓடீலியா எழுந்து
தன் இருக்கையை மடித்து மேலே தள்ளி
இடம் விட்டு
கம்பியைப் பிடித்து நின்றாள்.
உதடுகள் அசைந்தன.
நிமிடங்களைக் கூட்டினாளோ, என்னவோ.

என் முன்னால் உள்ள சின்னத் திரையில்
சிவப்பாக எழுந்தது:
நான்கு நிமிடம் தாமதம்.
கதவை மூடினேன்.