கணக்கில் வராத காற்று

நின்றால் ஒன்றுமில்லை.
முற்றத்தில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால்
ஐந்து சிலிண்டரும் மாவு சலிப்பதுபோல் ஒரே சீர்.
டோலோன் கணவாய் ஏற்றத்தில்
மூன்றாம் கியரில் அழுத்தி மிதிக்கும்போதுதான்
படார்.
இன்னொரு முறை, படார்.
பின் இருக்கையில் நோட்டரி ஆபீஸ் பெண்
கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள்.

உயரம் என்றேன். மலையில் எந்த வண்டிக்கும் மூச்சு வாங்கும்.
கொச்கோரில் இறங்கிச் சமதரையிலும் வெடித்தபோது
அந்தப் பொய்யும் போயிற்று.

ஷார்ஷென் பிளக்குகளை மாற்றினான்.
எண்ணூறு சோம்.
எசென்பெக், வயர்தான், சந்தேகமே வேண்டாம் என்றான்.
இரவில் விளக்கணைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்,
நீலப் பொறி ஒன்றுகூடத் தாவவில்லை.
ஆனாலும் மாற்றினான். ஆயிரத்து நானூறு.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பெட்ரோல் ஃபில்டர்.
பம்பின் அழுத்தம் பார்த்தோம், குறையில்லை.
செலவை எல்லாம் பெர்மெத்தின் நோட்டில்
அவள் எழுத்துக்குக் கீழே எழுதிவைத்தேன்.
அவள் எழுதியிருந்ததை
நான் வாசிக்கவில்லை.

வெடி பின்னால், புகைக்குழாயில் என்றால் அது வேறு கதை.
இது முன்னால், காற்று நுழையும் வாயில்.
பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால்
தீ சோம்பி எரியும்.
அடுத்த மூச்சுக்கு வால்வு திறக்கும்போதும்
உள்ளே மிச்சம் எரிந்துகொண்டிருக்கும்.
வந்த வழியே வெளியே பாயும்.

இந்த ஆடியில் காற்றை எடைபோட ஒரு தட்டு உண்டு.
தட்டு எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெட்ரோல்.
நேர்மையான கடைக்காரன்.
தட்டைத் தாண்டி, அதன் முதுகுக்குப் பின்னால்
எங்கிருந்தோ காற்று நுழைகிறது.
அதற்கு எடையில்லை, பில் இல்லை.

எங்கிருந்து?

ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.
கைப்பிரேக்கை இழுத்து பெர்மெத்தை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன்.
முதல் கியர் போடு, கொஞ்சம் மிதி,
கிளட்சை விடு, விடாதே, விடு.
பக்கவாட்டில் குனிந்து
ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி
மறுமுனையால் என்ஜினைத் தடவித் தேடினேன்.
பானெட் எங்கள் நடுவே நின்றது.
அவள் முகம் தெரியவில்லை.

கிளட்ச் பிடித்ததும் என்ஜின் முழுசாய் ஒருபக்கம் சாய்ந்தது,
தூக்கத்தில் புரள்கிறவன் மாதிரி.
அப்போது பார்த்தேன்.
தட்டுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள கறுப்பு ரப்பரில்,
அக்கார்டியன் மடிப்பின் அடியில்,
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வாய் திறந்தது.
ஸ்ஸ்ஸ்.
கிளட்சை மிதித்தாள். மூடிக்கொண்டது.
விரலால் தடவினாலும் தெரியாது.

'இன்னொரு தரம்' என்றேன்.
வாய் திறந்தது. ஸ்ஸ்ஸ்.
அதே நேரம், குழாய் இல்லாத காதில்,
இரைச்சலுக்கு அப்பாலிருந்து அவள் குரல்:
'நோவோசிபிர்ஸ்கில் தையல் பட்டறை. ஆறு மாசம்.
பணம் கட்டிட்டேன்.'

எனக்குக் கேட்டது.
'இன்னொரு தரம்' என்றேன்.

அவளும் செய்தாள்.

சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இரண்டு கிளாம்ப் முறுக்கினேன்.
தற்காலிகம்தான். புது ரப்பருக்கு
பிஷ்கெக் சந்தையில் சொல்லிவைக்க வேண்டும்.
கையெல்லாம் கரி.
சமையலறையில் அவள் நோட்டைப் புரட்டினேன்,
ஏப்ரலிலிருந்தே எழுதியிருந்தாள்.
பயணச்சீட்டு, கமிஷன், கம்பளிக் காலுறை ஆறு ஜோடி.
அதற்குக் கீழே என் கையெழுத்தில்
பிளக், வயர், மூடி, ஃபில்டர்.

வியாழன் விடியலில் கிளம்பினோம்.
பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் அவள் பெட்டி.
டோலோனில் மூன்றாம் கியர் போட்டு, தரையோடு மிதித்தேன்.
வண்டி பாலாய் ஏறியது.
இரண்டு வளைவு தாண்டி பெர்மெத் சொன்னாள்:
'வெடிக்கலையே.'
'இல்லை.'

ரயில் நிலையத்தில் எல்லோரும் கட்டணம் கொடுத்தார்கள்.
அவளும் எண்ணி டேஷ்போர்டில் வைத்தாள்,
மற்றவர்கள் தந்த அதே தொகை.
'ரப்பருக்கு' என்றாள்.
பெட்டியை இறக்கும்போது
ஒரு சக்கரம் கழன்று உருண்டது.
ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன்.
அச்சு தேய்ந்திருந்தது. குனிந்து அதைப் பார்க்கத் தொடங்கினேன்.
'விடு' என்றாள்.