வால் வெட்டுகிறவள்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் ஆலைக்காரர்கள் தலையை வெட்டுகிறார்கள்.
நான் வாலை.

அப்போது எங்கள் தெருவுக்கே ஒரு கணினி,
அதுவும் துறைமுக அலுவலகத்தில், என் மேசையில்.
கிரீன்லாந்துக்கு அப்பால் இறால் பிடிக்கப் போனவர்கள்
கரையேறும் ஊர்களில் இலவசக் கணக்குத் திறந்து
என் முகவரிக்கு எழுதுவார்கள், வீட்டாருக்கு.
அச்செடுத்து மடித்து
மழைக்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு
மாலையில் கதவு கதவாக ஏறி இறங்குவேன்.

இலவசம் என்றுதான் சொன்னார்கள்.
கூலியை ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும்
அதுவே எடுத்துக்கொண்டது.

ஹானுஸ் எழுதினான்:
குளிரில் விரல் மடங்கவில்லை,
பிள்ளைக்குப் பல் முளைத்ததா?
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
மயோர்க்காவில் ஏழு நாள் வெயில்! பாதி விலை!

ட்ரோண்டுர் எழுதினான்:
அம்மாவைப் புதைத்தபோது நான் இல்லை.
என் பங்குக்கு ஒரு பிடி மண்
யாராவது போட்டீர்களா?
கோட்டுக்குக் கீழே
இன்றே சேருங்கள்! முதல் மாதம் இலவசம்!

அப்படித்தான் கத்தரிக்கோல் மேசைக்கு வந்தது.
வலைக்கயிறு நறுக்குவது,
ஆரஞ்சுப் பிடி, ஒரு முனை ஒடிந்தது.
கோட்டை ஒட்டி நேராக ஒரே வெட்டு.
குட்டைக் கடிதங்கள் வீடுகளுக்குப் போயின.
வெட்டிய துண்டுகளின் முதுகில்
படகு வரும் நேரம் குறித்து
ஆணியில் குத்தி வைத்தேன்.
எவரும் எதுவும் கேட்கவில்லை,
பில்லாவைத் தவிர.

"என் கடிதத்தின் மிச்சம் எங்கே, சுன்வா?"

அவள் மகன் எழுதுவதே மூன்று சொட்டு.
நலம். மீன் குறைவு. பணம் அனுப்பினேன்.
நான்காவதாக ஒன்று வந்துகொண்டிருந்தது:
இரவில் தூக்கம் வரவில்லையா?
எங்களிடம் சொல்லுங்கள்.

"அதை அவன் கேட்கவில்லை, பில்லா."
"அது எனக்குத் தெரியாதா?
யாரோ கேட்டார்களே."

அவளுக்கு மட்டும் அன்றிலிருந்து வாலோடு.

மார்ச் மாதம், வடக்குக் காற்று.
ஒரு துண்டின் முதுகில் நேரம் குறிக்கப் போனவள்
எதற்கோ திருப்பிப் பார்த்தேன்.
வெயில், பாதி விலை, அதற்கும் அடியில்
இன்னும் மூன்று வரி.
படகை விற்றுவிடு.
என்ன விலை கேட்டாலும் சரி.
சனிக்கிழமைக்குள்.

ஹானுஸின் குரல்தான்.
பேச்சில் விட்டுப்போனதை
வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொல்கிறவன்,
எழுத்திலும் அப்படியே
எல்லாவற்றுக்கும் கீழே வந்து எழுதியிருக்கிறான்.
கோடு கண்டால் வெட்டு என்று
கண்ணைக் கைக்குப் பழக்கிவிட்டிருந்தேன்.
விற்பனைச் சத்தம் போட்டதால்
விளம்பரத்தோடு விளம்பரமாக
அவனும் ஆணியில் தொங்கினான்,
ஒன்பது நாள்.

ஞாயிற்றுக்கிழமை அது.
மார்யுன் வீட்டுக்கு மேட்டுப்பாதையில் ஓடினேன்,
துண்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.
அவள் நின்றபடி வாசித்தாள்.
மாவு அப்பிய விரலால் இன்னொரு முறை வாசித்தாள்.
"வந்திருந்தாலும் விற்றிருக்க மாட்டேன்" என்றாள்.
"நீ வெட்டியதால்
மறுத்த பாவம் எனக்கில்லை."

ஹானுஸ் அப்படி நினைக்கவில்லை.
ஏப்ரலில் வந்தான், பேசவில்லை.
மீன் எடை போட வரும்போதும்
சீட்டை மேசைமேல் நகர்த்திவிட்டு
ஜன்னலைப் பார்ப்பான்.
படகு கொட்டகையில் கிடக்கிறது,
அதன் கடனும்.

கத்தரிக்கோலை வலைக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தேன்.
இப்போது மடிக்கிறேன்.
கோட்டின் மேல் நகத்தால் ஒரு தேய்ப்பு,
வால் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும்.
பிரிப்பதும் விடுவதும் அவரவர் கை.

மார்யுன் பிரிக்கிறாள்.
இன்னும் ஏதாவது இருக்குமோ என்று
கடைசி எழுத்துவரை உரக்க வாசிக்கிறாள்,
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பல் முளைத்துவிட்டது அதற்கு, நான்கு.
போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்து
முதன்முதலாக ஒரு சொல் சொன்னது:
மயோக்கா.