நாலடித் தண்ணீர்

சண்டை போடாத மீன் வேண்டுமென்றால்
கப்பி வாங்கிக்கொள் என்றார் பூன் கியட்,
சிராங்கூன் நார்த் கடையில் வலையை உதறியபடி.
நான் கேட்டது நீலம்.
மலாவி ஏரியில் பாறைக்குப் பாறை
அடித்துப் பிடித்த நீலம்.
சிக்லிட் என்று பெயர், ஆனால்
ஈரச்சந்தையில் நாம் பேரம் பேசும்
ஜிலேபிக் கெண்டைக்குச் சித்தப்பா மகன்.

நாலடித் தொட்டி. ஆறு மீன்.
மூன்றாம் நாள் நாலு.

"குறைத்து வைத்தால் கொலை.
நெருக்கி வை. பதினெட்டாக்கு.
ஒருத்தியையே துரத்த எவனுக்கும் நேரம் இருக்காது.
அடி பங்காகும்.
பங்கான அடியைத் தாங்கிவிடும்."

மடியில் தண்ணீர்ப் பைகளோடு
யீஷூன் வரைக்கும் பஸ்ஸில்
இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஏழு பேர்.
கொழுந்தனார் வாங்கிய பதினோராவது மாடி
தெங்காவில் இன்னும் கம்பியும் சிமெண்டுமாய் நிற்கிறது.
சாவி தரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது.
பட்டாணியும் பாசியும் அரைத்து
நான் குளிர்பெட்டியில் வைக்கும் மீன்தீனியை
சுகிர்தா இரு விரலால் தூக்கி
கதவோரம் தள்ளுவாள்.
நடுத்தட்டு யாருடையது என்று
பேசாமலே மூன்று மாதம் பேசினோம்.
ஓரகத்தி என்ற சொல்லை
அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன்.
ஓர். அகம்.
வேறு இடத்தில் வெட்டினால்
உள்ளே ஒரு கத்தி.

தொட்டியில் பெரியவனுக்கு என் மகன் வைத்த பெயர்
சார்ஜண்ட்.
(சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருகிறவன்,
வேறு என்ன பெயர் வைப்பான்.)
வடிகட்டிக் குழாயிலிருந்து உடைந்த ஓடு வரை
சார்ஜண்டின் ஆட்சி.
கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒற்றைச் செதில்.
மேல்மூலையில் வாலறுந்த ஒருத்தி
செங்குத்தாய் மூச்சு வாங்கினாள்.

ஐஸ்கிரீம் டப்பாவில் துளைகள் போட்டேன்.
அதே தண்ணீரில், எல்லோரும் பார்க்க,
அவனுக்கு நாலு நாள் சிறை.

மாலைக்குள்
இதுவரை சாம்பலாய் ஒதுங்கிக் கிடந்த ஒருவன்
பளீரென்று நீலமானான்.
அதே ஓட்டின் அடியில் போய் நின்றான்.
முதல் வேலையாக
வாலறுந்தவளைத் துரத்தினான்.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வரி வந்தது:
"கல்லையெல்லாம் மாற்று."

நாலாம் நாள் நள்ளிரவு, தோள்வரை நனைந்து
ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தேன்.
குகை இருந்த இடம் வெறும் மணல்.
மணல் இருந்த இடத்தில் சுவர்.
ஒரு மூலைக்கு இன்னொரு மூலை தெரியாதபடி
நடுவே பூந்தொட்டியைக் கவிழ்த்தேன்.
மேலே சின்ன விசிறி, சூடு இரண்டு டிகிரி இறங்கட்டும்:
இந்த ஊர் வெக்கையில் யாருக்குத்தான் கோபம் வராது.
விளக்கை அணைத்தபிறகு
கைதியைச் சத்தமில்லாமல் இறக்கினேன்.

தண்ணீர் குடிக்க வந்த சுகிர்தா
இருட்டில் நின்று பார்த்தாள்.
நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு
வாளிப்பிடியின் ஒரு பாதியைப் பிடித்தாள்.
இருபது லிட்டர் அழுக்குத் தண்ணீர்.
பாயில் தூங்கும் பிள்ளைகளின் கால்களைத் தாண்டி
நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தோம்
கழிவறை வரைக்கும்.
"நாத்தம்" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.

காலையில் தொட்டி முழுக்கப் புதுக்குடித்தனம்.
எந்தக் கல் எவனுடையது என்று புரியாமல்
ஒவ்வொன்றாய் வாயால் தொட்டுப் பார்த்தன.
சார்ஜண்ட் சாம்பல் நிறத்தில்
குழாய்க்குப் பின்னால்.
அவனைப் பார்க்கவும் பாவமாய்த்தான் இருந்தது.

இது எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
"இரண்டு வாரம். அப்புறம் மறுபடி மாற்று."

தீனி எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தால்
டப்பா கதவோரத்தில் இல்லை.
நடுத்தட்டில், அவள் ரசத்துக்குப் பக்கத்தில்,
மூடிமேல் இன்னொரு மூடி போட்டு இறுக்கி.

விரலில் ஒட்டிய பச்சையோடு எண்ணினேன்.
பதினேழு.
பூந்தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்
முதலிலிருந்து
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.