பிரிஜ்ஜுக்குள் விதைக்கச்சான்

அஸ்வெசும கணக்கெடுக்க வந்த பிள்ளை
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தது.
அதனால் கோபிக்க முடியவில்லை.

கூரை? ஓடு.
சுவர்? கல்.
வீட்டுத்திட்டம் தந்தது. கடைசித் தவணை வரமுன்
என் தோடு போனது. அதற்கு டப்பில் கட்டம் இல்லை.
மோட்டார் சைக்கிள்?
கட்டாருக்குப் போன தம்பியுடையது.
இப்போது அதில் மிளகாய்ச் சாக்குக் காயுது.
பிரிஜ்?
சிரித்துவிட்டேன்.
இருக்கு, தங்கச்சி. திறந்து பாருங்கோ.

ஒலுமடுவுக்குக் கரண்ட் வந்த வருசம்
வவுனியாவில் பழசாய் வாங்கினது.
மூன்று மாதம் குளிர்ந்தது.
எலி நுழையாத ஒரே பெட்டி என்று வைத்திருக்கிறேன்.
மேல் தட்டில் விதைக்கச்சான்,
கீழே உழுந்து,
முட்டை வைக்கிற குழிகளுக்குப் பின்னால்
சுருட்டிச் செருகிய மருத்துவச் சான்றிதழ்.

ஒரு கச்சானை உடைத்துத் தின்றாள்.
பிறகு ‘ஆம்’ என்பதில் விரலை வைத்தாள்.
“இருக்கோ இல்லையோ எண்டுதான் கேக்குது, சுகிர்தமலரக்கா.
வேலை செய்யுதோ எண்டு கேக்கேல்லை.”

மாங்குளம் ஆசுப்பத்திரியில் அப்படி இல்லை.
அங்கே இல்லாத கையைப் பார்த்துவிட்டு
வேலையைத்தான் கேட்டார்கள்.
சமைக்கிறீங்களோ?
ஓம், டொக்டர்.
தண்ணி அள்ளுறீங்களோ?
ஓம். கயிற்றை இழுத்துக் காலால் மிதித்து,
திரும்ப இழுத்து, திரும்ப மிதித்து.
அவர் ஏதோ வீதம் எழுதினார்.
வெளியே வாங்கில் இருந்த பெண்
தலையில் அடித்துக்கொண்டாள்:
“விசரி, இல்லையெண்டு சொல்லியிருக்க வேணும்.”

வங்கியில் கையொப்பம் பொருந்தவில்லை.
ஆறாம் ஆண்டு திறந்த கணக்கு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி
அட்டையைத் திருப்பிக் காட்டினார்:
சாய்வான எழுத்து, கடைசியில் ஒரு வால்.
எவ்வளவு வடிவாய் எழுதியிருக்கிறேன்.
“இதே மாதிரிப் போடுங்கோ.”
அதைப் போட்ட கை இரணைப்பாலையில் கிடக்கு, தம்பி.
அவர் மேலாளரைக் கூப்பிடப் போனார்.
நான் நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.
விதானையார் மேன்முறையீட்டுப் படிவம் தந்தார்.
காரணம் எழுத மூன்று கோடு.
இடது கைக்கு அது ஒரு ஏக்கர்.

இரவு, பிரிஜ்ஜின் மேல் படிவத்தை வைத்து,
மண்ணெண்ணெய் போத்தலைப் பாரமாய் வைத்து, எழுதினேன்:

பிரிஜ் வேலை செய்யாது.
நான் செய்வேன்.

வாசித்துப் பார்த்து
இரண்டாவது வரியை வெட்டிவிட்டேன்.