இருபத்திமூன்று

ஹீட்டர் எரிந்துபோன மூன்றாம் நாள்.
மார்கழி பத்தோ பதினொன்றோ.
கொல்லையில் மூன்று செங்கல், ஓர் அண்டா,
பனியில் நமுத்த தென்னை மட்டை.
ஊதி ஊதிக் கண் கரித்துத்
தலையை நிமிர்த்தினால்
முருங்கையில் அது இருக்கிறது.

ஆனைமலையைப் பனி பாதி தின்றிருந்தது.
தும்பிக்கையைக் காணோம்.
முதுகு மட்டும் நரசிங்கத்துக் கூரைகளுக்கு மேல்
எதிலும் ஒட்டாமல் கிடந்தது.

காக்கை என்றுதான் நினைத்தேன்.
காக்கை இப்படி உட்காராது,
காக்கைக்கு எப்போதும் வேறெங்கோ சோலி இருக்கும்.
இதற்குச் சோலி இங்கேயே,
காலுக்கு அடியில்.

சாம்பல் முதுகு. மார்பில் குறுக்கே செம்பழுப்புக் கோடுகள்,
பேனா எழுதுகிறதா என்று
யாரோ கிறுக்கிப் பார்த்த மாதிரி.
வல்லூறு.
பெயர் நாக்குக்கு வந்ததும் ஊதுவதை நிறுத்தினேன்.

ஒரு இறகு பிடுங்கும். சுற்றிலும் பார்க்கும்.
இன்னொன்று.
கொடியில் காய்ந்த என் காக்கிச் சட்டைமேல்
வெள்ளை வெள்ளையாக வந்து ஒட்டியது.

"வெந்நீர் ஆச்சா?"
உள்ளேயிருந்து ரோஸலின்.
பதில் சொன்னால் பறந்துவிடும்.
ஒரு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது.
மஞ்சள்.
அந்தக் கண்ணுக்கு நானும் அண்டாவும் ஒன்றுதான்.

சுவருக்கு அப்பால் மாடியில் சோணைமுத்துவின் சீழ்க்கை.
தகர டப்பாவில் கம்பைக் குலுக்கிக்கொண்டே
சத்தமாக எண்ணுகிறான்.
இருபத்திரண்டில் நிற்கிறான்.
மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.
என் தண்ணீர்த் தொட்டி மூடியெல்லாம் எச்சம்.
பஞ்சாயத்து வரைக்கும் இழுத்தேன்.
"உன் புறாவெல்லாம் நாசமாப் போக" என்று
போன ஆடியில் தெருவே கேட்கக் கத்தினவன் நான்.
கேட்ட தெருவில்
இதுவும் எங்காவது உட்கார்ந்திருந்ததோ என்னவோ.

மூன்றாம் தடவை எண்ணும்போது
குரல் இறங்கிவிட்டது.
"ராக்கெட்டே, வா சாமி" என்றான்,
கடன் கேட்கிறவனைப் போல.

அப்போதுதான் அது எழுந்தது.
மிச்சத்தைக் காலில் தொங்கவிட்டபடி
சுவருக்கு ஒரு முழம் மேலே போய்
மலைப்பக்கம் திரும்பியது.
மரத்தடியில் ஒரு கால் கிடந்தது.
சிவப்புக் கால்.
அதில் நீல வளையம். 417.

சுவரோரம் தலை தெரிந்தது.
"பூனை எதுவும் வந்துச்சாண்ணே?"
"பூனை வரலையேப்பா."
அது பொய் இல்லை.

அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.
பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு
நடுங்கிக்கொண்டே என்னைத் திட்டினாள் ரோஸலின்.
நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன்.

வளையம் பழைய சோப்பு டப்பாவில் இருக்கிறது.
ஹீட்டர் சரியாகி நாலு நாள்.
ஆனாலும் விடிந்ததும் மட்டையோடு கொல்லைக்குப் போகிறேன்.
முருங்கை சும்மா நிற்கிறது.
சோணைமுத்து இப்போது இருபத்திரண்டோடு முடித்து
டப்பாவை மூடிவிடுகிறான்.
எனக்குத்தான் இன்னும்
அடுத்த எண்ணுக்கு வாய் போகிறது.